தரங்கம்பாடிக்கு வராத தரங்கம்பாடி அரசர்

பெங்களூர் மில்லர்ஸ் சாலையில் உள்ள ஐக்கிய இறையியல் கல்லூரியிலே நான்கைந்து ஆண்டுகள் கிரேக்கமும் எபிரேயமும் பயின்று, கறுப்பு அங்கி அணிந்து பட்டம் பெற்று வெளியே வரும் மாணவர்களில், அந்தப் பட்டத்தின் ஆணிவேர் எந்த தேசத்து மண்ணில் இறங்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர்கள் சிலரே இருக்கக்கூடும். 1910-ஆம் ஆண்டில் தோன்றிய அக்கல்லூரி, கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி நதிக்கரையில் இருக்கும் செராம்பூர் கல்லூரியோடு நெடுங்காலமாக இணைந்து நிற்பது. அப்போது டேனியர் வசமிருந்த அந்த ஊரின் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் கிடைத்ததோ, 1827-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் தேதி டென்மார்க் தேசத்து மன்னர் ஆறாம் பிரெடெரிக் கையொப்பமிட்டு அளித்த ராஜ சாசனத்தினால். ஆங்கிலேயரின் இந்தியாவில் ஆங்கில அரசர் தராத உரிமையை, ஐரோப்பாவின் வடகோடியில், வரைபடத்தில் விரல் வைத்துத் தேடவேண்டிய ஒரு சிறு ராஜ்யத்தின் அரசர் தந்தார் என்பது வியப்புக்குரியதுதான். ஆனால் அந்தக் குலத்தாருக்கும் நம் நாட்டுக்கும் இருந்த சம்பந்தம் அவரோடு தொடங்கியதன்று. அவருக்கு நூறாண்டுகளுக்கு மேல் முந்தி, அதே பெயர் தாங்கிய இன்னொரு மன்னர் காலத்தில் நடந்த ஒரு காரியமே தமிழர்களாகிய நமக்கு நெருக்கமானது. அவர் நான்காம் பிரெடெரிக். 1699 முதல் 1730 வரை டென்மார்க்கையும் நார்வேயையும் ஒருசேர ஆண்டவர்.

டேனிஷ் அரசர்களின் பெயர் வரிசையைப் படிக்கிறவர்கள் முதலில் சற்றுத் தடுமாறுவது உண்டு. பதினாறாம் நூற்றாண்டு தொடங்கி அங்கே கிறிஸ்தியான் என்ற பெயருடையவருக்குப் பின் பிரெடெரிக், பிரெடெரிக்குக்குப் பின் கிறிஸ்தியான் என்று மாறி மாறியே சிம்மாசனம் ஏறிவந்தார்கள். நம் சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றித் தரித்ததைப் படித்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. நம் பிரெடெரிக், ஐந்தாம் கிறிஸ்தியானுக்கும் ஹெஸ்ஸே-காஸல் நாட்டு இளவரசி சார்லட் அமாலியாவுக்கும் மூத்த புதல்வராக, 1671-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதி கோபன்ஹேகன் அரண்மனையில் பிறந்தார். அவருக்கு ஆறு வயது முன்னதாகவே பிறந்து, ஓர் இரகசியப் பெட்டகத்தில் கிடந்தது ஒரு சட்டம். 1660-இல் பிரபுக்களின் அதிகாரம் ஒடுக்கப்பட்டு, 1665-இல் எழுதிவைக்கப்பட்ட அந்த 'அரச சட்டம்', டென்மார்க் மன்னர் எல்லா மனித சட்டங்களுக்கும் மேற்பட்டவர், கடவுள் ஒருவருக்கு மட்டுமே கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர், லூத்தரன் விசுவாசத்தை விடாமலும் ராஜ்யத்தைப் பங்கு போடாமலும் இருக்கும் வரையில் தம் விருப்பப்படி எதையும் செய்யலாம் என்று கூறியது. ஐரோப்பாவில் எதேச்சாதிகாரம் செலுத்திய அரசர்கள் பலர் உண்டு. ஆனால் எதேச்சாதிகாரத்தையே ஒரு சட்டமாக எழுதி வைத்துக்கொண்டவர்கள் இவர்கள். பிரெடெரிக்கின் வாழ்க்கையைப் படிக்கும்போது என் மனம் மீண்டும் மீண்டும் இந்தச் சட்டத்திடமே சென்று நிற்கிறது. இவ்வளவு பெரிய அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தவருடைய சொல், உண்மையில் எவ்வளவு தூரம் சென்றது?

முதல் பதில் அவர் பட்டத்துக்கு வந்த மறுவருஷமே கிடைத்துவிட்டது. 1699 ஆகஸ்ட் 25-ஆம் தேதி தந்தை காலமாகிச் சிம்மாசனம் ஏறிய பிரெடெரிக்குக்கு வயது இருபத்தேழு. ஸ்வீடனில் பன்னிரண்டாம் சார்லஸ் என்ற சிறுவன் ஆள்கிறான், அவனைப் பணிய வைக்க இதுவே சமயம் என்று ரஷ்யாவின் பீட்டர் சக்கரவர்த்தியோடும் போலந்தை ஆண்ட சாக்ஸனி தேசத்து அகஸ்டஸோடும் கூட்டுச் சேர்ந்து, ஸ்வீடனுக்கு உறவான ஹோல்ஸ்டைன்-கொட்டார்ப் நாட்டின்மேல் அவர் படையெடுத்தார். அவர் தெற்கே கோட்டை ஒன்றை முற்றுகையிட்டுக் கொண்டிருந்த வேளையில், பதினெட்டே வயதான அந்தச் 'சிறுவன்', ஆங்கில, டச்சுக் கப்பற்படைகளின் உதவியோடு கடலைக் கடந்து கோபன்ஹேகன் இருக்கும் தீவிலேயே வந்து இறங்கிவிட்டான். 1700 ஆகஸ்டில் டிராவென்டால் என்ற இடத்தில் பிரெடெரிக் சமாதான உடன்படிக்கையில் கையொப்பமிட வேண்டியதாயிற்று. தொடங்கி சில மாதங்களுக்குள்ளேயே முடிந்துபோன யுத்தம் அது.

அதே 1699-இல், அவருடைய ராஜ்யத்தின் மறுகோடியிலும் ஒரு முற்றுகை நடந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-இல் டேனியருக்குத் தரங்கம்பாடியைக் கொடுத்து, அவர்கள் அங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டிக்கொண்ட கதை பள்ளிப் பாடங்களில் வருவது. நாயக்கர் ஆட்சி போய்த் தஞ்சையில் மராட்டியர் ஆட்சி வந்தது எப்படி என்பதில் பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு தனி உரிமை உண்டு. சத்ரபதி சிவாஜியின் தந்தை ஷாஜி போன்ஸ்லே ஜாகீராகப் பெற்று ஆண்ட ஊர் பெங்களூர். அவருக்குப்பின் இங்கிருந்த அவர் மகன் ஏகோஜிதான் 1670-களில் தஞ்சையைக் கைப்பற்றி அங்கே குடியேறி, தூரத்தில் தங்கிவிட்ட பெங்களூரை மைசூர் சிக்கதேவராஜ உடையாருக்கு மூன்று லட்சம் ரூபாய்க்கு விற்க முன்வந்தார். அந்த ஏகோஜியின் மகன் சாகஜிதான் 1699-இல் தரங்கம்பாடியை வளைத்துக்கொண்டவர். சென்னையிலிருந்த ஆங்கிலேயர் படையுதவி அனுப்பியிராவிட்டால், பிரெடெரிக் மன்னர் பட்டமேற்ற வருஷமே அவருடைய இந்தியக் கோட்டையில் தஞ்சை மராட்டியர் கொடி பறந்திருக்கும். கோபன்ஹேகனிலிருந்து தரங்கம்பாடிக்குக் கப்பல் வந்துசேர ஏழு மாதம் பிடிக்கும் காலம் அது. முற்றுகை நடக்கிறது என்ற செய்தி அரசருக்கு எட்டுமுன் முற்றுகையே முடிந்திருக்கும்.

இளமையில் அவருக்குக் கிடைத்த கல்வி சொற்பம். எழுத்துப்பிழையில்லாமல் ஒரு கடிதம் எழுதவும் அவரால் முடிந்ததில்லை என்பார்கள். ஆனால் உழைப்புக்கு அஞ்சாதவர்; செலவில் கணக்குப் பார்ப்பவர்; காகிதங்களைத் தாமே படித்து உத்தரவிடும் வழக்கமுடையவர். பட்டத்து இளவரசராக இத்தாலிக்குச் சென்றுவந்தது முதல் அந்த நாட்டுத் தோட்டங்களிலும் மாளிகைகளிலும் சங்கீதத்திலும் அவருக்கு மாளாத மோகம் இருந்தது. ஸ்திரீகள் விஷயத்தில் இருந்த மோகத்தைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் சரித்திரம் பூர்த்தியாகாது. 1695-இல் மெக்லென்பர்க் இளவரசி லூயிஸை முறைப்படி மணந்தவர், அவர் உயிரோடிருக்கையிலேயே 1703-இல் எலிசபெத் ஹெலன் என்ற பிரபுகுலப் பெண்ணை இரண்டாம் தாரமாக மணந்துகொண்டார். அவள் மறுவருஷமே பிரசவத்தில் இறந்துபோனாள். 1712-இலோ, அன்னா சோபி ரெவென்ட்லோ என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணை, அவள் தாயார் சம்மதியாதபோது, கிளவுஸ்ஹோல்ம் மாளிகையிலிருந்து கவர்ந்து சென்று 'இடக்கை விவாகம்' செய்துகொண்டார். நம் புராணங்களில் ராட்சஸ விவாகம் என்று சொல்லப்படுவதற்கு ஏறத்தாழ ஒத்தது அது. ஒருவனுக்கு ஒருத்தி என்பதைச் சட்டமாகக் கொண்ட லூத்தரன் நாட்டிலே, இருதார மணம் சாமானியனுக்குப் பெருங்குற்றம். அரசரைக் கேட்பார் இல்லை. அரச சட்டம் எட்டாத இடமே அந்தப்புரத்தில் இல்லை என்று சொல்லலாம்.

இத்தகையவர்தான் 1705-ஆம் ஆண்டில், ஐரோப்பாவின் எந்தப் புராட்டஸ்டண்டு அரசரும் அதுகாறும் செய்யாத ஒரு காரியத்தில் இறங்கினார். தம் ஆளுகைக்குட்பட்ட தரங்கம்பாடியில் உள்ள மக்களுக்குக் கிறிஸ்தவ வேதத்தைப் போதிக்கப் போதகர்களை அனுப்புவது தம் கடமை என்று தீர்மானித்து, பெர்லினிலிருந்து வந்து தம் அரண்மனைக் குருவாக அமர்ந்திருந்த லூட்கன்ஸ் என்பவரிடம் தகுந்த ஆட்களைத் தேடச் சொன்னார். இதன் காரணம் மனச்சாட்சியின் உறுத்தலா, அக்காலத்து ஜெர்மனியிலிருந்து பரவிவந்த பக்தி இயக்கத்தின் தாக்கமா, ராஜதர்மம் பற்றிய எண்ணமா என்று சரித்திராசிரியர்கள் விவாதித்திருக்கிறார்கள். இரண்டாம் தாரத்தைப் பறிகொடுத்த மறுவருஷம் எடுத்த முடிவு என்பதை நினைத்தால், மூன்றும் கலந்திருந்தன என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. டென்மார்க்கில் ஒருவரும் அகப்படவில்லை. ஜெர்மனியில், அந்தப் பக்தி இயக்கத்தை ஹாலே நகரத்தில் நடத்திவந்த பிராங்கேயின் வழிவந்த இரண்டு இளைஞர்கள் கிடைத்தார்கள். ஒருவர் சாக்ஸனியில் புல்ஸ்நிட்ஸ் என்ற ஊரில் 1682-இல் பிறந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு. மற்றவர் அவருக்குச் சில வயது மூத்த ஹென்ரிக் புளுட்சோ. கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, அரசரின் தங்கை பெயரைத் தாங்கிய 'சோபியா ஹெட்விக்' என்ற கப்பலில் 1705 நவம்பர் இறுதியில் ஏறிய அவர்கள், 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார்கள்.

அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பைப் படிக்கும்போது, மன்னருடைய கையெழுத்தைப் பார்த்து நடுங்கும் அதிகாரிகளைப் பற்றிய நம் நினைப்பெல்லாம் சிதறிப்போகிறது. தரங்கம்பாடி அரசருடைய நாட்டுக்குச் சொந்தமென்றாலும், அதை நிர்வகித்தது வியாபாரக் கம்பெனி. கம்பெனியாருக்கு வேண்டியவை துணியும் மிளகும், பாதிரிகள் வேண்டியதில்லை. சுதேசிகளை மதம் மாற்றப்போய்த் தஞ்சை அரசரின் கோபத்துக்கு ஆளானால் வியாபாரம் என்னாவது என்பது அவர்களுடைய கவலை. ஆகவே கோபன்ஹேகனிலிருந்த இயக்குநர்கள், அரசர் அனுப்பிய போதகர்களுக்கு இடையூறு செய்யும்படி கோட்டைத் தளபதி ஹாஸியஸுக்கு இரகசியமாகக் குறிப்பு எழுதியிருந்தார்கள். காலையில் கரையேறிய இரு இளைஞர்களையும் ஊர் வாசலுக்கு வெளியே வெயிலில் காக்கவைத்துவிட்டு, மாலை நான்கு மணிக்கு வந்த தளபதி, நீங்கள் இங்கே எதற்கு வந்தீர்கள் என்று கடிந்து, அவர்களைக் கடைத்தெருவில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அரசரின் முத்திரையிட்ட கடிதம் அவர்கள் பையில் இருந்தது.

சீகன்பால்கு மனம் தளராதவர், சற்று முன்கோபியும்கூட. தமிழ் தெரியாமல் தமிழரிடம் பேசுவது வீண் என்பதை உணர்ந்து, திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, குழந்தைகளோடு தாமும் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதிப் பழகினார். போர்த்துகீசியமும் டேனிஷும் அறிந்த அழகப்பன் என்பவர் அவருக்குத் துபாஷியாக அமைந்தார். இரண்டே ஆண்டுகளில் ஓலைச்சுவடிகளைச் சேகரித்துப் படித்து, 1708-இல் திருக்குறள் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றிய விளக்கப் பட்டியல் ஒன்றை ஜெர்மன் மொழியில் எழுதிவிட்டார். இன்னொரு பக்கம், 1707 மே மாதம் அவர் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐவரும் டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள் என்பதைக் கவனிக்கவேண்டும். எஜமானர்களுக்கு அது எப்படி ருசித்திருக்கும்? ஒரு விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பரிந்துபேசப்போய், ஹாஸியஸோடு முரண்பட்ட சீகன்பால்குவை, 1708 நவம்பரில் கம்பெனிச் சிப்பாய்கள் இழுத்துச் சென்று டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார்கள். நான்கு மாதம் அவர் அங்கே இருந்தார்.

அந்த நான்கு மாதமும் அரசர் எங்கே இருந்தார்? இந்த இடத்தில் சரித்திரம் ஒரு கதாசிரியனைத் தோற்கடிக்கிறது. ஓல்டன்பர்க் பிரபு என்ற மாற்றுப் பெயரோடு பிரெடெரிக் இரண்டாம் முறையாக இத்தாலி யாத்திரை சென்று, 1708 டிசம்பர் கடைசியிலிருந்து 1709 மார்ச் வரையில் வெனிஸ் நகரத்தில் கார்னிவல் திருவிழாவைக் கண்டு களித்துக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் ஆறுகளும் கழிகளும் உறைந்துபோன பயங்கரமான குளிர்காலம் அது. அந்தக் குளிரிலும் நாடக அரங்குகள் நிரம்பி வழிந்தன. விவால்டி என்ற வயலின் வித்வான் தம் இரண்டாம் தொகுதியாக வெளியிட்ட வயலின் சொனாட்டாக்களை டென்மார்க் மன்னருக்கே சமர்ப்பணம் செய்தார். மேற்கத்திய சங்கீதம் கேட்கிறவர்கள் இன்றும் அந்தச் சொனாட்டாக்களைக் கேட்கிறார்கள். மன்னர் வெனிஸில் சங்கீதம் கேட்டுக்கொண்டிருந்த அதே வாரங்களில், மன்னருடைய போதகர் மன்னருடைய கோட்டையில் மன்னருடைய பெயரால் ஆளும் அதிகாரியின் கைதியாக இருந்தார். அது மன்னருக்குத் தெரியாது. ஊர் திரும்பிய அந்த 1709-ஆம் ஆண்டில்தான், நாற்பத்து நான்கு வருஷமாகப் பெட்டகத்தில் மறைந்துகிடந்த அரச சட்டத்தை எல்லாரும் அறியும்படி அச்சிட்டு வெளியிட அவர் உத்தரவிட்டார் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்தக் கதைக்கு வேறு வியாக்கியானம் வேண்டியதில்லை.

ஆயினும் அரசர் தாம் தொடங்கியதைக் கைவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1709 ஜூலையில் கிரண்ட்லர் முதலிய புதிய போதகர்கள் வந்து சேர்ந்தார்கள்; மிஷனுக்கு ஆண்டுதோறும் 2,000 ரிக்ஸ்டாலர் மானியம் ஏற்பட்டது; 1714-இல் கோபன்ஹேகனில் இதற்கென்றே ஒரு நிர்வாக சபை ஸ்தாபிக்கப்பட்டது. பண உதவியைவிட நமக்கு முக்கியமானது, அரசரின் ஆதரவு என்ற ஒரு பெயர் இருந்ததால் லண்டனும் ஹாலேயும் துணிந்து கைகொடுத்ததுதான். லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கம் ஓர் அச்சு இயந்திரத்தை அனுப்பியது. அதைக் கொண்டுவந்த கப்பலைப் பிரேசில் அருகே பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொள்ள, மீட்டுக்கொண்டு புறப்பட்டபின் அச்சுத் தொழிலாளி வழியிலேயே மாண்டுபோக, இயந்திரம் மட்டும் தரங்கம்பாடி வந்து சேர்ந்தது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் 1713-இல் வந்தன. அவை பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கவே, ஆட்லர் என்ற ஜெர்மானியத் தொழிலாளி பொறையாற்றில் சிறிய எழுத்துக்களை வார்த்தார். ஈயத்துக்கு வழியில்லாமல், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைப் பொதிந்திருந்த ஈயத் தகடுகளை உருக்கி அவர் காரியத்தை முடித்தார் என்று எழுதியிருக்கிறார்கள். 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறின. தமிழ் எழுத்து அதற்கு முன் அச்சில் வந்ததில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1578-இலேயே கொல்லத்தில் போர்த்துகீசியப் பாதிரிகள் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார்கள். ஆனால் அந்த முயற்சி சில ஆண்டுகளில் ஓய்ந்துபோயிற்று. தமிழ்நாட்டு மண்ணில் அச்சுத்தொழில் வேரூன்றி இடைவிடாமல் நடந்தது தரங்கம்பாடியிலிருந்துதான்.

போதகரும் அரசரும் பிறகு நேரில் சந்தித்தது அரண்மனையில் அல்ல, போர்க்களத்துப் பாசறையில். 1714-இல் மலையப்பன் என்ற தமிழ் இளைஞனை உடன் அழைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சீகன்பால்கு, வழியெல்லாம் தமிழ் இலக்கணம் ஒன்றை லத்தீனில் எழுதிக்கொண்டே சென்று, 1715-இல் ஸ்ட்ரால்சுண்ட் நகரை முற்றுகையிட்டிருந்த பிரெடெரிக்கைப் போய்க் கண்டார். 1709-இல் பொல்டாவாவில் சார்லஸ் தோற்றபின் மறுபடியும் யுத்தத்தில் குதித்த டேனிஷ் அரசர், மறுவருஷமே ஹெல்சிங்போர்க்கில் பெருந்தோல்வியுற்று, பின் மெல்ல மெல்ல வெற்றி கண்டுவந்த நேரம். தரங்கம்பாடியிலிருந்து வந்தவர் கௌரவமாகவே வரவேற்கப்பட்டார். மிஷனுக்குத் தலைவர் என்ற பதவியும் பெற்றார். இலக்கணம் 1716-இல் ஹாலேயில் அச்சாயிற்று. ஆனால் அவர் தமிழரின் தெய்வங்களைப் பற்றி ஊன்றிக் கற்று எழுதிய பெரிய நூல் அச்சேறவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோமேயன்றி அதை ஐரோப்பாவில் பரப்ப அனுப்பவில்லை என்று பிராங்கே ஒதுக்கிவிட்டார். 1867-இல் சென்னையில்தான் அது முதன்முதலாக வெளிவந்தது. எனக்கு இது பெருங்குறையாகவே தோன்றுகிறது. நம் கிராமத்து ஐயனாரையும் மாரியம்மனையும் பற்றி ஓர் ஐரோப்பியர் பொறுமையாகக் கேட்டு எழுதியதை, நூற்றைம்பது ஆண்டுகள் ஒரு பெட்டியில் உறங்கவிட்டார்கள்.

திரும்பி வந்த சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபர் 11-ஆம் தேதி பிரதிஷ்டை செய்யப்பட்டது. அது அரசரின் பிறந்த நாள். முகப்பிலே மகுடத்தோடு கூடிய அவருடைய முத்திரையைப் பொறித்தார்கள். ஆனால் அதே வேளையில், கோபன்ஹேகன் மிஷன் சபையின் காரியதரிசி வெண்ட் என்பவர், பள்ளிக்கூடங்களும் கட்டடங்களும் அப்போஸ்தலர் காட்டிய வழியல்ல, ஏழையாய்த் திரிந்து போதிப்பதே வழி என்று கண்டித்து எழுதிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே உடல் நலிந்திருந்த சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23-ஆம் தேதி, முப்பத்தாறாவது வயதில் காலமாகி, தாம் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். மறுவருஷம் கிரண்ட்லரும் போனார். சிறைக்கோட்டமும் வெயிலும் செய்ய முடியாததை நல்லெண்ணமுள்ள ஒரு காரியதரிசியின் பேனா செய்து முடித்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

அரசருடைய மற்றக் காரியங்களைச் சுருக்கமாகவே பார்க்கலாம். அவற்றில் ஒரு கை கொடுத்ததை மறுகை வாங்கிக்கொள்வதே பெரும்பாலும் காணப்படுகிறது. சீலாந்துத் தீவின் குடியானவர்களைப் பண்ணையோடு கட்டிப்போட்டிருந்த பழைய அடிமைமுறையை 1702-இல் அவர் ஒழித்தார். தாம் பட்டத்துக்கு வந்தபின் பிறந்தவர்கள் எல்லாரும் சுதந்திரர் என்றார். ஆனால் அதற்கு முந்திய வருஷமே அவர் ஏற்படுத்தியிருந்த கட்டாய ஊர்ப்படை முறை, அதே வாலிபர்களை மீண்டும் அதே பண்ணைகளில் நிறுத்தி வைத்தது. 1711-இல் கோபன்ஹேகனில் கொள்ளைநோய் புகுந்து, சுமார் 60,000 மக்களில் மூன்றில் ஒரு பங்கை வாரிக்கொண்டு போயிற்று. 1718-இல் கரீபியக் கடலில் செயின்ட் ஜான் தீவை டேனியர் தமதாக்கி, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளைக் கொண்டு கரும்பு பயிரிட்டார்கள். தரங்கம்பாடியில் ஆலயம் கட்டிய அதே ஆண்டு அது. 1720-இல் ஸ்வீடனோடு சமாதானம் ஏற்பட்டது. ஸ்வீடன் 600,000 ரிக்ஸ்டாலர் கொடுத்தது, கடற்சந்தியில் சுங்கவரி விலக்கை இழந்தது, ஷ்லெஸ்விக்கின் ஒரு பகுதி டென்மார்க் வசமாயிற்று. இருபது வருஷ யுத்தத்துக்கு இவ்வளவே பலன். கடனை அடைக்க நார்வேயில் இருந்த மாதா கோவில்களை ஏலம் விட்டு விற்றார்கள். கடல் கடந்து ஒரு கோவிலைக் கட்டிய அரசர், உள்ளூரில் நூற்றுக்கணக்கான கோவில்களை வியாபாரிகளுக்குக் கொடுத்துவிட்டார்.

அவர் ஆட்சியின் மிகச் சிறந்த செயலாக டேனிஷ் மக்கள் கருதுவது கிராமப் பள்ளிக்கூடங்கள். அரசருக்குச் சொந்தமான குதிரைப்படை மாவட்டங்கள் பன்னிரண்டிலும் மாவட்டத்துக்கு இருபது வீதம் 240 பள்ளிகள், 1720-களில், செங்கல்லால் உறுதியாகக் கட்டப்பட்டன; ஒவ்வொன்றின் வாசலுக்கு மேலும் அரசரின் முத்திரையும் அவர் பெயரால் ஒரு செய்யுளும் பொறித்த கல் உண்டு. குடியானவன் பிள்ளைக்கு எழுத்தறிவு வேண்டும் என்று தாமே எழுத்துப்பிழை நீங்காத ஓர் அரசர் எண்ணியது பாராட்டுக்குரியது. ஹோல்பெர்க்கின் நகைச்சுவை நாடகங்கள் டேனிஷ் மொழியில் முதன்முதலாக மேடையேறியதும், கிரீன்லாந்துக்கு ஹான்ஸ் எகெடெ என்ற போதகர் சென்றதும் இக்காலத்தில்தான்.

1721 மார்ச்சில் லூயிஸ் ராணி மறைந்தார். மூன்று வாரத்துக்குள் அன்னா சோபியை மன்னர் முறைப்படி மணந்து, அடுத்த மாதமே ராணியாக முடிசூட்டினார். அரசரின் தம்பியும் தங்கையும் மனம் வெறுத்து அரண்மனையை விட்டே போய்விட்டார்கள். அன்னா சோபிக்குப் பிறந்த குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராக மழலைப் பருவத்திலேயே மடிந்தபோது, இது கடவுளின் தண்டனை என்று ஊரார் பேசினார்கள். அரசரும் அப்படித்தான் நினைத்தார் போலும், கடைசிக் காலத்தில் அவர் பக்தியில் ஆழ்ந்துவிட்டார். 1728 அக்டோபரில் மூன்று நாள் எரிந்த தீ, தலைநகரின் கால்பகுதிக்கு மேல் சாம்பலாக்கியது. பல்கலைக்கழக நூலகமும், ஒளியின் வேகத்தை முதலில் கணக்கிட்ட ரோமர் என்ற வானநூலறிஞரின் ஏடுகளும் அதில் போயின. 1729-இல் கிழக்கிந்தியக் கம்பெனியும் நொடித்துப்போயிற்று. 1730 அக்டோபர் 12-ஆம் தேதி, ஐம்பத்தொன்பதாம் பிறந்த நாளுக்கு மறுநாள், ஓடன்ஸ நகரில் அவர் உயிர் பிரிந்தது. மகன் ஆறாம் கிறிஸ்தியான் செய்த முதல் காரியங்களில் ஒன்று, சிற்றன்னையைக் கிளவுஸ்ஹோல்ம் மாளிகைக்கே திருப்பி அனுப்பி, அங்கேயே அடைத்துவைத்ததுதான்.

கம்பெனி போயிற்று, அரசர் போனார். தரங்கம்பாடி மிஷன் மட்டும் நின்றது. 1733-இல் ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றார். 1750-இல் அங்கே வந்திறங்கி, பின் திருச்சியிலும் தஞ்சையிலும் பணிபுரிந்த சுவார்ட்ஸ் என்ற போதகர், தமிழும் உருதுவும் சரளமாகப் பேசக்கூடியவர் என்ற காரணத்தால், 1779-இல் சென்னை அரசாங்கத்தின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பப்பட்டு, ஹைதர் அலியின் தர்பாரில் மரியாதையோடு வரவேற்கப்பட்டார். ஆங்கிலேயரின் வாக்குறுதிகளில் நம்பிக்கையிழந்திருந்த ஹைதர், இந்தப் பாதிரியின் வார்த்தையை நம்பினார். அடுத்த ஆண்டு தொடங்கிய பெரும் போரிலும், சுவார்ட்ஸ் போகிற வழியில் அவரைத் தடுக்கலாகாது என்று தம் படைகளுக்கு அவர் உத்தரவு கொடுத்திருந்தார். மைசூர் சுல்தானின் உத்தரவு மீறப்பட்டதாகச் செய்தியில்லை.

டேனியர் 1845-இல் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். பிரெடெரிக் மன்னரின் முத்திரையைத் தாங்கித் தரங்கம்பாடியிலே அச்சடிக்கப்பட்ட செப்புக்காசுகள் நாணயம் சேகரிப்பவர்களிடம் இன்றும் அகப்படுகின்றன. பெங்களூரிலிருந்து மாலையில் மயிலாடுதுறை ரயிலில் ஏறினால் விடிந்தபின் இறங்கி, அங்கிருந்து ஒரு மணி நேரப் பஸ் பிரயாணத்தில் தரங்கம்பாடியை அடையலாம். கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். ராஜ வீதியிலுள்ள எருசலேம் ஆலயத்தையும் அவசியம் பார்த்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையாயின், தமிழில் ஆராதனையும் நடக்கும்.